இருநூற்றுப் பன்னிரண்டு சுருள்

அத்தியாயம் 17

மகாராஜபுரத்திலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். 'டாக்டர் ஐயாதுரை தினமும் சாயங்காலம் சீட்டாட வருகிற கிளப் அது. அதே காம்பவுண்டில், அறுபது அடி தள்ளி, அவுட்ஹவுஸில் காசநோயோடு கிடக்கிறான் பையன். அவனை ஒரு டாக்டரிடமிருந்தே ஒளித்து வைப்பானேன்? இந்தக் குடும்பத்துக்கு மூளை இருக்கிறதா, இல்லையா?'

கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அவுட்ஹவுஸின் இரண்டு அறைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குமலை கிளப்புக்குச் சொந்தம். பையனின் அப்பா தேவஇரக்கம் கிளப்பில் கணக்கு எழுதுகிற ரைட்டர். அவருக்கு வேலை இருக்கும் வரைதான் அந்தக் கூரை. தொற்று நோய் கண்டவர் எவரும் காம்பவுண்டுக்குள் தங்கக் கூடாது என்பது கிளப்பின் பதினாலாவது விதி. அதை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, வராந்தாவில் மாட்டியவரே தேவஇரக்கம்தான். போன வருஷம் டென்னிஸ் கோர்ட்டில் ஆட்டம் பழக்குகிற மார்க்கர் மாரிசாமியின் மனைவிக்கு அம்மை கண்டது. பொழுது சாய்வதற்குள் பாயும் பானையுமாக அவர்கள் ரோட்டில் நின்றார்கள். அந்த உத்தரவை எழுதிக் கொடுத்ததும் இவரே.

அதனால், கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன மகன் கார்த்திகை மாதம் இருமிக்கொண்டே வந்து இறங்கியபோது, குடும்பமே வாயை மூடிக்கொண்டது. பயந்தவர்களுக்கு மூளை அவ்வளவுதான் வேலை செய்யும், அம்மணி.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மலைமேல் இருக்கிற சானடோரியத்தில் கிளப்பின் பேரில் ஓர் இலவசப் படுக்கை உண்டு. கிளப் பிரசிடெண்ட் கடிதம் கொடுத்தால் போதும். பிரசிடெண்ட் யார்? அதே டாக்டர் ஐயாதுரை. தேவஇரக்கத்தின் மனைவி கிருபாபாய் டாக்டர் வீட்டுக்கே போய், 'வ. புதுப்பட்டியில எங்க சொந்தக்காரப் பையன், ஞானராஜ்னு பேரு' என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். தேவஇரக்கம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "நீயே சொல்லு. என் வாயால வராது" என்றார். ஞானராஜ் மகனின் முழுப்பெயர்தான்; ஆனால் கிளப்பில் எல்லோருக்கும் அவனை ராசு என்றுதான் தெரியும். அவன் கொழும்பிலேயே இருப்பதாகத்தான் நினைப்பு.

டாக்டர் இளகிய மனசுக்காரர். "குடும்பத் தொண்டு தினம் நல்லபடியா முடியட்டும். அன்னைக்குச் சாயங்காலம் லெட்டரைத் தாரேன்" என்றார்.

அந்தத் தினம் இன்றைக்கு விடிந்துவிட்டது.

*

தொண்டு என்னவென்றால், பாண்டேஜ் சுற்றுவது. யுத்தத்தில் காயம் பட்டவர்களுக்கு அறுநூறு சுருள் அனுப்புவதாக மதுரையில் யுத்தச் சாமான் சேர்க்கிற டெப்போவுக்கு டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். மெம்பர்கள் மனைவி மக்களோடு வந்து தங்கள் கையாலேயே சுற்ற வேண்டும், வேலைக்காரர்களை அழைத்து வரக் கூடாது என்று நோட்டீஸ் போயிருந்தது. மூன்று மணிக்கு ஆரம்பம். நாலரைக்கு டீ. ஐந்துக்கு போட்டோ.

ஏற்பாடு முழுவதும் ரைட்டர் தலையில். ரைட்டர் அதை மகள் அருள்செல்வியின் தலையில் வைத்தார். அவள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவள். ஒன்றரை மணி நேரத்தில் பட்டுப்புடவைக்காரர்கள் எத்தனை சுற்றுவார்கள் என்று யோசித்தாள். நூற்றைம்பது தேறினால் அதிசயம் என்று தோன்றியது. மீதி நானூற்றைம்பதையும் முன்னாலேயே சுற்றி வைத்துவிட்டால், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும்.

பத்து நாளாக அவுட்ஹவுஸில் சுற்றினார்கள். அவளும் அம்மாவும் மட்டும்தான் ஆரம்பித்தது.

"சும்மாதான கெடக்கேன். இங்க ஒண்ணு குடு அக்கா" என்று மூன்றாம் நாள் ஞானராஜ் கை நீட்டினான்.

"வேண்டாம்லே. ஒனக்கு மேலு வலிக்கும்."

"மேலு வலிக்கும்னு சொல்லுதியா, தொடாதேன்னு சொல்லுதியா?"

கிருபாபாய்தான் எழுந்து போய்க் கார்பாலிக் சோப்பும் வெந்நீரும் கொண்டு வந்தாள். அவனே வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டான். பாண்டேஜ் துணியை முழங்காலில் வைத்து உருட்டி, இழுத்து, மறுபடி உருட்டி, கல் மாதிரி ஒரு சுருள் செய்து நீட்டினான். கொழும்புக் கடையில் சீலைப் பீஸ் சுற்றிய கை. அன்றைக்கு அவன் சிரித்தான். நாலு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு துணியை அவனிடமிருந்து வாங்கி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. தப்புதான். பெற்றவள் செய்த தப்பு, கூடப் பிறந்தவள் செய்த தப்பு.

முந்தாநாள் டெப்போவிலிருந்து கார்டு வந்தது. மாதிரிக்கு நூறு சுருளை முதலில் அனுப்பவும் என்று இருந்தது. இந்த மாதிரிக் கார்டுகளை எல்லாம் பிரசிடெண்டிடம் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், ரைட்டர் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டார். இன்று காலை அருள்செல்வி ஜட்காவில் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய், ரயிலில் ஏற்றிவிட்டு, ரசீதை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பெட்டி ஏறிருச்சா அக்கா?" உள்ளே நுழைந்ததும் தம்பி கேட்டான்.

"ஏறிருச்சுலே."

"எங்க போவும்?"

"மதுரைக்கு. பொறவு பர்மாப் பக்கம் எங்கயாவது அனுப்புவாங்க."

"நான் கொழும்பத் தாண்டல. என் சுருளு பர்மா போவுது பாரேன்." சிரிக்கப் போய் இருமலாக முடிந்தது. எச்சில் கோப்பையை நீட்டினாள். சிவப்பைப் பார்க்காத மாதிரி இருவருமே ஜன்னலைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் இருமக் கூடாது ராசு. முடியுமா?"

"தலகாணிய வாயில வச்சுக்கிடுதேன்" என்றான் அவன்.

*

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்றே முக்காலுக்கு வந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து மில்காரர் வீட்டு ரத்தினம்மாள் இரண்டு காரில் வந்து இறங்கினார். டென்னிஸ் கோர்ட்டில் பந்தல் போட்டு, நீள மேஜைகளில் வெள்ளைத் துணியைக் கிழித்து அடுக்கி வைத்திருந்தாள் அருள்செல்வி. எப்படிச் சுற்றுவது என்று இரண்டு தடவை செய்து காட்டினாள்.

"ஐயோ ராமா! டீச்சரம்மா, நான் சுத்துனா சுத்துன பக்கமே பிரியுது. இது ஏமி மாயம்?" என்றார் ரத்தினம்மாள், வீட்டுத் தெலுங்கு கலந்த தமிழில். நல்ல மனுஷி. புடவையெல்லாம் பஞ்சு. ஆனாலும் மற்றவர்கள் எழுந்து போய் நிழலில் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை.

குழந்தைகள் சுருள்களைப் பந்தாக்கி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்து விளையாடின. அருள்செல்வி ஓடி ஓடிப் பொறுக்கினாள். அவிழ்ந்ததை மறுபடி சுற்றினாள். அவள் காது மட்டும் அவுட்ஹவுஸ் பக்கமே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கட்லெட் தட்டோடு கிருபாபாய் பக்கத்தில் வந்தாள். "ஏட்டி, லெட்டரு டாக்டரு கையில இருக்கா, பாத்தியா?"

"சட்டைப் பையில வெள்ளையாத் தெரியுதும்மா."

"கர்த்தரே" என்று முணுமுணுத்தபடி அடுத்த மேஜைக்குப் போனாள் தாய்.

டீ ஆயிற்று. போட்டோ ஆயிற்று. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தொண்டு செய்த சந்தோஷத்தில் ரத்தினம்மாளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. டென்னிஸில் ஜெயிக்கிறவர்களுக்கு என்று அவர் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கப் ஒன்று உள்ளே பீரோவில் சும்மாதானே இருக்கிறது? அதிகம் சுற்றியவர்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன?

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் உற்சாகமாகத் திரும்பினார். "ரைட்டர்! யார் யார் எம்புட்டுச் சுத்தினாங்கன்னு லிஸ்ட் எழுதியிருப்பீரே. கொண்டாரும்."

எழுதாமல் இருப்பாரா? பத்தொன்பது வருஷமாக அந்தக் கிளப்பில் உடைந்த கண்ணாடித் தம்ளரைக்கூட எழுதி வைக்கிறவர். பாண்டேஜோடு டெப்போவுக்கு அனுப்புவதற்காக அழகாக ஒரு லிஸ்ட் போட்டிருந்தார். அதை டாக்டர் கேட்பார், கூட்டத்தில் படிப்பார் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கோ வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. கொண்டு போய்க் கொடுத்துவிட்டார்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். "அடேயப்பா! இருநூத்திப் பன்னெண்டு! யாருய்யா இது, ஞானராஜ்?"

அருள்செல்வியின் கையிலிருந்த சுருள் நழுவி, அவிழ்ந்துகொண்டே புல்லில் ஓடியது.

"எவரு? எந்த வீட்டுப் பையன்?" என்று ரத்தினம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கூப்பிடுங்க, முன்னால வரட்டும். அப்படிப்பட்ட பையனைப் பார்க்கணுமே!"

"ஞானராஜ்! ஞானராஜ்!" என்று குழந்தைகள் கத்தத் தொடங்கின. அவுட்ஹவுஸ் வரைக்கும் அது கேட்டிருக்கும்.

டாக்டர் மறுபடி அந்தப் பெயரைப் படித்தார். பிறகு அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. உள்ளே இருக்கிற கடிதத்தில் எழுதிய பெயர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். டீ மேஜையருகே கிருபாபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். தேவஇரக்கம் தலை கவிழ்ந்து நின்றார். அவர்கள் இருவருக்கும் பின்னால், கதவு சாத்திய அவுட்ஹவுஸ்.

நாற்பது வருஷம் நோயாளிகளின் முகத்தைப் படித்தவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"அந்தப் பையன் ஊருல இல்ல" என்றார், நிதானமாக. "அடுத்தது ரத்தினம்மா. இருபத்து மூணு. கப் அவங்களுக்கு."

நடுவில் அருள்செல்வி பெயரும் கிருபாபாய் பெயரும் ஆளுக்கு நூற்றுக்கு மேல் என்ற கணக்கோடு இருந்தன. அவற்றை அவர் படிக்கவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

*

ஆறு மணிக்குக் கடைசிக் கார் கேட்டைத் தாண்டியது. டாக்டரின் கார் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றது. அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி, புல்வெளியைக் கடந்து நேரே அவுட்ஹவுஸுக்கு வந்தார். யாரிடமும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அருள்செல்விக்குத் தோன்றியது.

"எங்க பையன்?"

முதுகைத் தட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். திருப்பிப் படுக்க வைத்து மறுபடி கேட்டார்.

"எப்பம்லே வந்தே?"

"கார்த்திகைல, ஐயா."

"அப்பமே ரத்தம் உண்டா?"

"இல்லைய்யா. தையில இருந்துதான்."

எழுந்து வெளியே வந்தார். கிருபாபாய் அவர் காலில் விழுந்துவிட்டாள். "பொய் சொன்னது நான், ஐயா. ராசு அப்பா ஒரு வார்த்தை சொல்லல. என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. லெட்டரை மட்டும் குடுத்துருங்க."

டாக்டர் கடிதத்தை வெளியே எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடுக்கதுல ஒண்ணுமில்ல தாயி. கொண்டு போனாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிருவான். அந்தப் படுக்கை ஆரம்பத்துல வாரவங்களுக்குத்தான், பொழைக்கிற பிள்ளைகளுக்கு. இவனுக்கு ரெண்டு பக்கத்து நுரையீரலும் போயிருச்சு."

கிருபாபாய் தரையை விட்டு எழவில்லை.

"கார்த்திகைல காட்டியிருந்தா நானே கார்ல ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார் டாக்டர். "தெனமும் அஞ்சு மணிக்கு வாரேன்யா. அந்தா, அந்த வராந்தால உக்காந்து சீட்டுப் போடுதேன். அறுபது அடி இருக்குமா ரைட்டர்?"

"அம்பத்தெட்டு, ஐயா" என்றார் தேவஇரக்கம்.

அளந்திருக்கிறார். எத்தனை சாயங்காலம் அந்த வராந்தாவைப் பார்த்தபடி நடந்து அளந்தாரோ, எத்தனை தடவை பாதியில் திரும்பி வந்தாரோ, அது அவருக்கும் அவர் தேவனுக்கும்தான் தெரியும். வாசகியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக மேலே எழுதினேன். அதை அடித்துவிடலாம். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

"ஏன்யா அந்தப் பேரை எழுதினீரு?"

"லிஸ்டு டெப்போவுக்குத்தான போவுதுன்னு நினைச்சேன். அவன் பேரு எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்னு..." என்றார் தேவஇரக்கம்.

சுருள்கள் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். டெப்போவில் கொதிக்க வைப்பார்கள் என்று நம்பி அனுப்ப முடியாது. புண்ணில் படுகிற துணி. பட்லர் தவசிமுத்து கோர்ட்டுக்குப் பின்னால் குழியில் எல்லாவற்றையும் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினான். பெண்கள் சுற்றிய தளர்ந்த சுருள்கள் குப்பென்று பிடித்து நிமிஷத்தில் அடங்கின. இறுகிய சுருள்கள் மட்டும் வேகமாட்டேன் என்று புகைந்துகொண்டே கிடந்தன. அவன் கம்பால் குத்திக் குத்திப் பிரித்தான்.

டாக்டர் காரை நோக்கி நடந்தவர் நின்றார்.

"ரைட்டர், ஒண்ணு கேக்கேன். நெசத்தைச் சொல்லும். இதுல ஒரு சுருளாவது வெளிய போயிருக்கா?"

அருள்செல்வி அப்பாவைப் பார்த்தாள்.

"போயிருந்தா நான் டெப்போவுக்குத் தந்தி அடிக்கணும். கமிட்டியில காரணம் சொல்லணும். பொறவு நாளைக் காலைல நீங்க ரோட்டுலதான். என்னால தடுக்க ஏலாது. ஒண்ணும் போகலேன்னா இந்த விஷயம் நம்மளோட. பையன் கடைசி வரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழ கெடக்கட்டும். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

தேவஇரக்கம் குழியில் எரியும் நெருப்பைப் பார்த்தார். சாத்தாமல் கிடந்த அவுட்ஹவுஸ் கதவைப் பார்த்தார்.

"ஒண்ணும் போகலைய்யா" என்றார்.

அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு பொய் வந்து அருள்செல்வி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. காலையில் ஸ்டேஷனில் வாங்கிய ரசீது உள்ளே மேஜையில், வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது.

"அக்கா..." உள்ளேயிருந்து தம்பியின் குரல். அவனும் கேட்டுவிட்டான். "டாக்டர் ஐயாகிட்டச் சொல்லு... காலைல போன..."

ஓடினாள். போய் அவன் வாயைக் கையால் பொத்தினாள். நாலு மாதமாக வெறுங்கையால் யாரும் தொடாத வாய். சூடாக, ஈரமாக இருந்தது. அவன் திமிறவில்லை.

டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். "என்னம்மா சொல்லுதான்?"

"சாயங்காலம் பிள்ளைக சத்தம் கேட்டதுல இருந்து அதே கேள்விதான். கப்பு யாருக்குக் கெடச்சதுன்னு கேக்கான், ஐயா."

டாக்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்குத்தான்னு சொல்லும்மா" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் போகும் வரை அவள் கையை எடுக்கவில்லை. எடுத்த பிறகு ஞானராஜ் அவளை ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிழைக்கத்தான் முடியவில்லை, பர்மாவுக்குப் போகிற சுருளாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்த பிள்ளையின் வாயையும் அடைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. கார்பாலிக் சோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசல்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"அருளு."

"சொல்லுங்கப்பா."

"காலைல போன பெட்டிக்குள்ளயும் ஒரு லிஸ்டு வச்சிருக்கேன். டெப்போவுல பாத்துட்டு, நன்றி சொல்லி பிரசிடெண்டுக்குத்தான் கடுதாசி போடுவாங்க."

அவள் கையில் சோப்பு நுரை அப்படியே நின்றது. "தம்பி பேரு போட்டா?"

"பேரு போட்டு, வெலாசமும் போட்டிருக்கேன்" என்றார் தேவஇரக்கம். "ஞானராஜ், கிளப் அவுட்ஹவுஸ்."